மூச்சுக்கும் ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டரா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம் உள்ளவங்க வீட்டுக்குப் போய் நிதானமா படிக்கவும். கடல்ல தலையை முக்காதவங்களும் படிக்கலாம். வீட்டு மிக்ஸியை ஒரு தடவையாவது பிரிச்சுப் பார்த்தவங்க கட்டாயம் படிக்கணும்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஸ்கூபா டைவிங் பண்ற ஒவ்வொருத்தரும் தன்னோட ரெகுலேட்டரைத் தானே பிரிச்சு, கழுவி, ரப்பர் மாத்தி, பூட்டி, டெஸ்ட் பண்ணக் கத்துக்கணும். கத்துக்கக் கூடாதுன்னு சொல்றவங்க பாதுகாப்பைக் காரணம் காட்டுறாங்க. அந்தக் காரணம் செல்லாது. இதுதான் என் கட்சி.

இதைச் சொன்ன உடனே வர்ற பதில் எனக்கு மனப்பாடம். "தம்பி, இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தெரிஞ்சவங்க கையில விடு. நீ டைவ் பண்றதோட நிறுத்திக்கோ." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உயிர் சம்பந்தப்பட்டதுங்கிறதாலதான் நான் தெரிஞ்சுக்கணும்ங்கிறேன். அவங்களோ அதே காரணத்துக்காக நான் தெரிஞ்சுக்கக் கூடாதுங்கிறாங்க. எது சரின்னு பார்த்துடலாம்.

முதல்ல, இந்தச் சாமான் என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு பத்தி. முதுகுல கட்டுற சிலிண்டர்ல சுமார் 200 பார் அழுத்தத்துல காத்து இருக்கும். (இந்த பார் அழுத்தத்தோட அளவு. நம்ம கடல்ல இருக்கிற முத்துப் பார் இல்லை.) உங்க கார் டயர்ல இருக்கிறது ரெண்டு பார் சொச்சம். ஆக அந்தக் காத்தை அப்படியே வாயில வாங்க முடியாது. சிலிண்டர் தலையில மாட்டுற ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுத்தி இருக்கிற தண்ணி அழுத்தத்தை விட 9, 10 பார் அதிகம்ங்கிற அளவுக்குக் குறைக்கும். வாயில கடிச்சுக்கிற செகண்ட் ஸ்டேஜ் அதை இன்னும் குறைச்சு, நீங்க இழுக்கும்போது மட்டும் கொடுக்கும். 10 மீட்டர் இறங்கினா ஒரு பார் அழுத்தம் கூடும், ரெகுலேட்டரும் அதுக்கேத்த மாதிரி தானா கூட்டிக் கொடுக்கும்.

உள்ள என்ன இருக்கு? ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன் இல்லைன்னா ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு லீவர், ரெண்டு வால்வு, ஒரு ஃபில்டர், கைப்பிடி அளவு ஓ-ரிங். சிப் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. 1860களில் இதோட முன்னோடியைச் செஞ்ச ரூக்கேரோல் ஒரு சுரங்க எஞ்சினியர். விஷவாயு இருக்கிற சுரங்கத்துல ஆளுங்க மூச்சு விடறதுக்காக அவர் யோசிச்சது அது. 1943-ல் கூஸ்டோவும் எமில் காக்னானும் சேர்ந்து அக்வாலங் செஞ்சப்போ, காக்னான் எடுத்து மாத்தி அமைச்சது போர்க்காலத்துல பெட்ரோல் கிடைக்காம வாயுவுல கார் ஓட்ட அவர் உருவாக்கியிருந்த வால்வை. ஆக, கார் மெக்கானிக் ஷெட்டுக்குச் சொந்தக்காரச் சாமான்தான் இது. வானத்துல இருந்து குதிக்கலை.

இப்ப எங்க ஊருக்கு வாங்க. தேவிபட்டினம். நவபாஷாணம் பார்க்க நடைபாலத்துல நடந்து போயிட்டு, கடலைக் கும்பிட்டுட்டு, அப்படியே ராமேஸ்வரம் பஸ் ஏறுறவங்களுக்கு இந்த ஊர் அரை மணி நேர ஊர். கரையில கொஞ்சம் உக்காந்து பாருங்க. வலை கிழிஞ்சா வலைக்காரரே கட்டுறார். வள்ளத்துல ஓட்டை விழுந்தா அங்கேயே அடைக்கிறாங்க. நடுக்கடல்ல எஞ்சின் நின்னா, ஓட்டுற அண்ணன்தான் டீசல் லைனைப் பிரிச்சு காத்தெடுத்து மறுபடி கிளப்புவார். "ஆத்தரைஸ்டு டீலர் வரட்டும்"னு வடகடல் நடுவுல யாரும் காத்திருக்கிறதில்லை. அதுவும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்தானே? அவங்களைப் பார்த்து "நீ கை வைக்காதே"ன்னு சொல்ற தைரியம் யாருக்காவது இருக்கா?

இதே கடற்கரையில இன்னொரு பழக்கம் சொல்லுவாங்க. முத்துக்குளிக்கிறவர் இடுப்புல கட்டின கயித்தைப் படகுல பிடிக்க மச்சானைத்தான் வச்சுப்பாராம். தங்கச்சி தாலி அவன் கையில இருக்கு, அதனால கண்ணசர மாட்டான். தூத்துக்குடியில 1955-ல் இருந்து 1961 வரைக்கும் நடந்ததுதான் அங்க கடைசியா நடந்த பெரிய முத்துக்குளிப்பு வரிசை. தொழில் போச்சு, ஆனா அந்தக் கணக்கு இன்னும் சரிதான். எவனுக்கு இழப்பு அதிகமோ அவன் கையில கயித்தைக் கொடு. என் ரெகுலேட்டர் 20 மீட்டர்ல மக்கர் பண்ணினா அதிகம் இழக்கப் போறது யாரு? சர்வீஸ் சென்டர்ல ஒரு நாளைக்கு இத்தனைன்னு டார்கெட் வச்சு வேலை பார்க்கிறவரா, நானா?

சரி, அவங்க வாதத்தை ஒண்ணொண்ணா எடுப்போம்.

ஒண்ணு: "பாதுகாப்புக்காகத்தான் ஸ்பேர் கொடுக்கிறதில்லை."

பெரும்பாலான பெரிய கம்பெனிகள் சர்வீஸ் கிட்டையும் சர்வீஸ் மேனுவலையும் டீலருக்கு மட்டும்தான் கொடுக்கும். நீங்களும் நானும் கேட்டா கிடையாது. இந்தப் பாட்டை இந்தியாவுல வேற ஒரு கோஷ்டி ஏற்கனவே பாடியிருக்கு. 14 கார் கம்பெனிகள் ஸ்பேரையும் மேனுவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காம முடக்கி வச்சிருந்த வழக்குல, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்ல தீர்ப்பு சொல்லி, மொத்தமா 2,500 கோடிக்கு மேல அபராதம் போட்டது. அங்கேயும் "வெளியாள் கை வச்சா ஆபத்து"ங்கிற வாதம் வந்தது. ஆணையம் ஏத்துக்கலை. கார் பிரேக்கும் உயிர் சம்பந்தப்பட்டதுதான் சாமி. தெருமுனை மெக்கானிக் பிரேக் ஷூ மாத்தலாம், நான் என் ஓ-ரிங்கை மாத்தக் கூடாதா?

2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை "ரிப்பேர் பண்ணும் உரிமை"க்குன்னு ஒரு குழு போட்டுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல இணையதளமும் வந்துச்சு. அதுல எடுத்துக்கிட்டது நாலு துறை: விவசாயக் கருவி, மொபைல் வகையறா, வீட்டு உபயோகச் சாமான், வண்டி. தண்ணிக்கடியில மூச்சு விடற கருவி அந்த லிஸ்ட்ல இல்லை. ஸ்கூபாக்காரங்க ஓட்டு எவ்வளவு இருக்கப் போகுதுன்னு விட்டுட்டாங்க போல :-)

இன்னொரு ரகசியம். கிட்டுக்குள்ள இருக்கிற ஓ-ரிங் பலதும் ஏ.எஸ். 568-னு உலகம் பூரா ஒரே அளவுல வர்ற ஓ-ரிங்தான். யோக் மாட்டுற சிலிண்டர் வாய்ல இருக்கிறது 014. லோ பிரஷர் ஓஸ் பூட்டுற இடத்துல பெரும்பாலும் 011. ஹைட்ராலிக் சாமான் விக்கிற கடையில நம்பர் சொல்லி, ரப்பர் வகையும் கடினமும் சொன்னா எடுத்துக் கொடுப்பாங்க. வால்வு சீட் மாதிரி சிலதுதான் கம்பெனி சரக்கு. பூட்டி வச்சிருக்கிறது எதைன்னு இப்பப் புரியுதா?

ரெண்டு: "வருஷா வருஷம் முழுசா பிரிச்சு மாத்தினாத்தான் நம்பகம்."

இங்கதான் பொட்டி தட்டுறவனா எனக்குச் சிரிப்பு வரும். ஒழுங்கா ஓடிட்டு இருக்கிற சர்வர்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் கை வைக்கிறவனை நாம என்ன சொல்லித் திட்டுவோம்? இது நம்ம தொழில் மூடநம்பிக்கை இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்தது. இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டனோட நீர்மூழ்கி வேட்டை விமானங்களுக்கு 50 மணி நேரம் பறந்ததும் ஒரு சர்வீஸ். வாடிங்டன்னு ஒரு உயிரியல் விஞ்ஞானி கணக்கெடுத்தப்போ, எதிர்பாராத ரிப்பேர் அதிகமா வந்ததே அந்த சர்வீஸ் முடிஞ்ச உடனேதான்! பிரிச்ச கைதான் புதுக் கோளாறைக் கொண்டு வந்திருக்கு. சர்வீஸ் முறையை மாத்தினதும் பறக்கும் நேரம் 60 சதவீதம் கூடிச்சு.

1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ்ல இருந்த நோலன், ஹீப் ரெண்டு பேரும் விமான பாகங்களை ஆராய்ஞ்சு எழுதின அறிக்கையிலயும் இதேதான். 89 சதவீத பாகங்களுக்கு, வயசாக ஆக கெட்டுப் போற வாய்ப்பு கூடற பழக்கமே இல்லை. அதுகளைக் காலண்டர் பார்த்து மாத்தறதுல லாபம் இல்லை, அடிக்கடி சோதிச்சுப் பார்க்கிறதுலதான் லாபம்.

ரெகுலேட்டர்ல ரப்பர் இருக்கு, ரப்பர் கிழடாகும், உப்பு அரிக்கும். மறுக்கலை. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை யாரோ பிரிக்கிறதை விட, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னாடி நானே அளந்து பார்க்கிறது பெரிய பாதுகாப்பு. அளக்கத் தெரிஞ்சவன்தான் எப்பப் பிரிக்கணும்னு சொல்ல முடியும்.

மூணு: "தெரிஞ்சவங்க பண்ணினா தப்பு வராது."

என் ரெகுலேட்டரை ஊர்ல இருந்து கூரியர்ல வேற மாநிலத்துக்கு அனுப்பினேன். பேர் வேண்டாம். ஆறு வாரம் கழிச்சு வந்துச்சு, பில் ஏழாயிரத்துச் சொச்சம். கேஜை மாட்டிப் பார்த்தா முள்ளு 9.5-ல் நிக்காம மெதுவா ஏறிக்கிட்டே போகுது. ஹை பிரஷர் சீட் ஒழுங்கா மூடலைன்னு அர்த்தம். போன் பண்ணினா, "நீங்க எதுக்கு சார் கேஜெல்லாம் மாட்டிப் பார்க்கறீங்க?"ன்னு கேட்டாங்க. மக்களே, இந்தக் கேள்விதான் இந்தப் பதிவையே எழுத வச்சது. அளந்து பார்த்தது குத்தமாம்! மறுபடி அனுப்பு, மறுபடி மூணு வாரம்.

இது ஏதோ ஒரு கடையோட குணம் இல்லை. வாடிக்கையாளருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உறுதியா நம்புற எந்தத் தொழிலும் இப்படித்தான் போகும். டெஸ்டரே இல்லாத ப்ராஜெக்ட்ல நம்ம கோடு எவ்வளவு லட்சணமா இருக்கும்னு நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. டைவருக்கு அளக்கத் தெரிஞ்சா சர்வீஸ் சென்டரும் திருந்தும். ஆக, கடையிலதான் கொடுப்பேன்னு அடம் பிடிக்கிறவங்களும் இதைக் கத்துக்கணும்.

இப்ப உபயோகமா கொஞ்சம். ஸ்க்ரூடிரைவரே தொடாம நாலு சோதனை:

1. உறிஞ்சல் சோதனை: சிலிண்டர்ல மாட்டாம, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியை இறுக்கிப் போட்டுட்டு, செகண்ட் ஸ்டேஜ்ல மெதுவா இழுங்க. காத்து வரக் கூடாது. வந்தா டயாஃப்ரமோ வெளிமூச்சு வால்வோ கிழிஞ்சிருக்கலாம், மடங்கியிருக்கலாம். அப்படியே இறங்கினா தண்ணி குடிப்பீங்க.

2. முள்ளு சோதனை: மிதவைச் சட்டைக்குப் போற ஓஸ்ல மாட்டுற மாதிரி சின்ன கேஜ் கிடைக்கும். மாட்டிட்டு சிலிண்டரைத் திறங்க. 9, 10 பார் பக்கம் (உங்க மாடலுக்கு என்னவோ அது) முள்ளு போய் நிக்கணும். மூச்சு இழுத்தா கொஞ்சம் இறங்கி, விட்ட உடனே பழைய இடத்துக்கு வந்து அசையாம நிக்கணும். ஏறிக்கிட்டே போனா சீட் போச்சு.

3. வாளி சோதனை: காத்தைத் திறந்து வச்சு, வாயில கடிக்கிற பக்கம் மேல பார்க்கிற மாதிரி செகண்ட் ஸ்டேஜைத் தண்ணியில மெதுவா இறக்குங்க. டயாஃப்ரத்துக்கு மேல தண்ணி ரெண்டரை, மூணு, நாலு சென்டிமீட்டர் இருக்கும்போது உஸ்ஸுன்னு சத்தம் வரணும். அதுதான் நீங்க இழுக்க வேண்டிய பலம். ரொம்ப ஆழத்துல வந்தா இழுக்கக் கஷ்டம், தொட்ட உடனே வந்தா தானா ஒழுகும். லேபே தேவையில்லை, பாத்ரூம் வாளி போதும்.

4. ஃபில்டர் நிறம்: ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில தெரியற ஃபில்டரை டார்ச் அடிச்சுப் பாருங்க. பச்சைன்னா உப்புத் தண்ணி உள்ள போய் அரிக்குது. செம்மண் நிறம்னா சிலிண்டர்ல துரு. கறுப்புன்னா காத்து நிரப்பின கம்ப்ரசர்ல கோளாறு. இது உங்க நுரையீரலுக்கு வந்த கடுதாசி.

பிரிக்கிறது அடுத்த கட்டம். வான்ஸ் ஹார்லோன்னு ஒரு அமெரிக்கர் இதுக்குன்னே முழுப் புத்தகம் எழுதியிருக்கார், ரெகுலேட்டர் பராமரிப்பும் ரிப்பேரும் பத்தி. முதல்ல அதைப் படிங்க. பழைய ரெகுலேட்டர் ஒண்ணை வாங்கிப் பத்து தடவை பிரிச்சுப் பூட்டுங்க. ஓ-ரிங் எடுக்க இரும்பு ஊசி வேண்டாம், பித்தளைக் கொக்கி. ஒரு கீறல் விழுந்தா மொத்த பாடியும் குப்பை. இறுக்க டார்க் ரெஞ்ச். கம்பெனி சொன்ன கிரீஸ் மட்டும்.

எதிர்க்கட்சிக்கும் நியாயமா சில விஷயம் கொடுத்துடறேன். சிலிண்டர்ல கை வைக்காதீங்க. 200 பார் சிலிண்டர் வெடிச்சா பக்கத்து வீடும் சேர்ந்து போகும். அதோட ஹைட்ரோ டெஸ்ட் அங்கீகாரம் பெற்ற இடத்துலதான் நடக்கணும், அதுதான் சட்டம், அது நியாயமான சட்டம். ஆக்சிஜன் அதிகம் கலந்த காத்துக்குப் பயன்படுத்துற ரெகுலேட்டருக்குத் தனி சுத்தம், தனி கிரீஸ் வேணும், சாதாரண எண்ணெய் பட்டா தீப்பிடிக்கும். அடுத்தவன் ரெகுலேட்டரைச் சும்மா உதவிக்குன்னு பிரிச்சுக் கொடுக்காதீங்க. பூட்டினதும் நேரா ஆழத்துக்குப் போகாதீங்க: மேசை மேல சோதனை, அப்புறம் கழுத்தளவு தண்ணி, அப்புறம்தான் கடல்.

"தப்பா பூட்டினா செத்துடுவியே"ங்கிறவங்களுக்கு ஒரு தகவல். இப்போதைய செகண்ட் ஸ்டேஜ் வால்வு பெரும்பாலும் காத்து போற திசையிலேயே திறக்கிற வகை. அழுத்தம் எல்லை மீறினா அடைச்சுக்காது, திறந்து கொட்டும். வடிவமைச்சவனே நம்மளை நம்பாம வடிவமைச்சது அது, புத்திசாலி. அதுக்காக அலட்சியம் வேண்டாம். ஆனா பூச்சாண்டியும் வேண்டாம்.

இதுவரைக்கும் பேசினது என்னை மாதிரி சம்பளம் வாங்கி, லீவு போட்டு, பொழுதுபோக்குக்கு முங்குறவன் கதை. எனக்குச் சர்வீஸ் சென்டர் சரியில்லைன்னா பணம் போகும், கோபம் வரும், ஒரு பதிவு தேறும். அவ்வளவுதான்.

இதே கரையில வயித்துக்காக முங்குறவங்க இருக்காங்க. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவங்க. படகுல ஒரு கம்ப்ரசர், அதுல இருந்து நீளமா ஒரு ஓஸ், ஓஸ் நுனி வாயில. சில நேரம் அந்தக் கம்ப்ரசர் மூச்சுக்குன்னு செஞ்சதே கிடையாது. டயருக்குக் காத்தடிக்கவும் பெயின்ட் அடிக்கவும் செஞ்சது. எஞ்சின் புகை பக்கத்துலயே வருது, கம்ப்ரசர் அதையும் சேர்த்து உறிஞ்சுது. எண்ணெய் ஆவி நேரா நெஞ்சுக்குள்ள. ஐரோப்பாவுல மூச்சுக்காத்துக்குன்னு இருக்கிற தரக்கட்டுப்பாடு, ஒரு கன மீட்டர் காத்துல 0.5 மில்லிகிராமுக்கு மேல எண்ணெய் இருக்கக் கூடாதுங்குது, கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்துல 5 பங்குக்கு மேல கூடாதுங்குது. நம்ம படகுல அளக்கிற ஆள் யாரு?

அவங்க எடுக்கிறது சங்கா, 2001-ல் தடை போட்ட கடல் அட்டையா, அது சரியா தப்பாங்கிறது வேற சண்டை. மூச்சு எல்லாருக்கும் ஒண்ணுதான்.

"தெரிஞ்சவங்க கையில விடு"ன்னு எனக்கு உபதேசம் பண்ற தொழில், இவங்களுக்கு எந்தத் தெரிஞ்ச கையைக் காட்டுச்சு? ஒரு டீலர் இல்லை, தமிழ்ல ஒரு மேனுவல் இல்லை, ஒரு வகுப்பு இல்லை. ஏன்னா இவங்க கிட் வாங்குற கஸ்டமர் கிடையாது. அறிவைப் பூட்டி வச்சா பணக்காரனுக்குச் செலவு கூடும், ஏழைக்கு ஆயுசு குறையும். என் கோபத்துக்கு அசல் காரணம் இதுதான்.

இத்தனைக்கும் பண்ண வேண்டியது ராக்கெட் விடற வேலை இல்லை. காத்து உறிஞ்சுற குழாயை எஞ்சின் புகை வராத பக்கம் உயரத்துல தூக்கிக் கட்டணும். ஃபில்டர் வச்சு, காலத்துல மாத்தணும். நடுவுல ஒரு சேமிப்பு டாங்க் வேணும், எஞ்சின் நின்னாலும் மேல வர்ற வரைக்கும் காத்து இருக்கும். டைவர் பக்கம் ஒரு வழி வால்வு வேணும், ஓஸ் வெடிச்சா நெஞ்சுக் காத்தை அது திரும்ப உறிஞ்சாம தடுக்கும். டீசல் எஞ்சினைப் பிரிச்சு மாட்டுற கைக்கு இதெல்லாம் ஒரு வார வேலை. சொல்லிக் கொடுக்க ஆள்தான் இல்லை.

கருவி சரியானா எல்லாம் சரின்னு சொல்ல வரலை. ஆழத்துல ரொம்ப நேரம் இருந்துட்டு வேகமா மேல வந்தா ரத்தத்துல குமிழி கட்டி மூட்டு முடங்கும், கால் விழும், அதை எந்த ஓ-ரிங்கும் தடுக்காது. ஹோண்டுராஸ்ல லாப்ஸ்டருக்காக முங்கி முடங்கியும் செத்தும் போன மிஸ்கிட்டோ மக்கள் வழக்குல, 2021 ஆகஸ்ட்ல அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அந்த அரசைப் பொறுப்பாக்கிச்சு. கம்பெனிகளைக் கண்காணிக்காம விட்டது அரசோட குத்தம்னு சொல்லிச்சு. நமக்கும் அந்தப் பாடம் உண்டு. தானே கத்துக்கறதுன்னா அரசாங்கத்தை விட்டுடறதுன்னு அர்த்தம் இல்லை.

அரசாங்கத்துக்கு வழியும் கையிலேயே இருக்கு. சென்னையில சிஃப்நெட் இருக்கு, மத்திய அரசு நிறுவனம், படகு எஞ்சின் ஃபிட்டர்களுக்குப் பாடம் நடத்துது. அதுல மூச்சுக்காத்துக் கம்ப்ரசர், ரெகுலேட்டர் பராமரிப்புன்னு ஒரு பாடம் சேர்த்தா குடியா மூழ்கிடும்? மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அந்த நிலையத்து ஆளுங்க 1960களிலேயே ஸ்கூபா கட்டிக்கிட்டுத் தூத்துக்குடிப் பார்களை ஆராய்ஞ்சவங்க. அறுபது வருஷமா நம்ம கரையில இருக்கிற வித்தை, கரையில இருக்கிறவன் கைக்கு வரலை. நம்ம மாவட்டத்து ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் படிக்கிற பசங்களுக்கு ஒரு மாசச் சான்றிதழ் வகுப்பு வச்சா, சங்குக்காரங்களுக்கும் ஆச்சு, டூரிஸ்ட்டை முங்க வைக்கிறவங்களுக்கும் ஆச்சு, பசங்களுக்கும் ஒரு தொழில் ஆச்சு.

அதுவரைக்கும் நாம சும்மா இருக்கணுமா? தமிழ்ல ஒரு கையேடு எழுத ஆரம்பிச்சிருக்கேன். படம் போட்டு, பாகத்துக்குப் பாகம், "கிராக்கிங் எஃபர்ட்"டுக்கு அகராதித் தமிழ் தேடாம "இழுப்பு பலம்"னு கடற்கரையில புரியற வார்த்தையில. படம் வரையத் தெரிஞ்சவங்க, மெக்கானிக்கல் படிச்சுட்டு என்னை மாதிரி பொட்டி தட்டப் போனவங்க, கம்ப்ரசர் தெரிஞ்சவங்க கை கொடுங்க. முடிஞ்சதும் இலவசமா போட்டுடலாம், யார் வேணா அச்சடிச்சுக்கலாம்.

மாற்றுக் கருத்து உள்ளவங்க பின்னூட்டத்துல வாங்க, சண்டை போடலாம், அனானியா வந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு நிபந்தனை. வர்றதுக்கு முன்னாடி உங்க ரெகுலேட்டர்ல ஒரு கேஜை மாட்டி, முள்ளு எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு வாங்க.